அம்மா கப்பலுக்குப் பாடியது

எங்கள் அம்மாவைப் போலக் கட்டில் விரிக்கிற ஆள் இத்தாலியின் பலேர்மோ நகரத்திலேயே கிடையாது. இதை நான் சொல்லவில்லை. லிபெர்த்தா என்கிற பணக்காரத் தெருவில் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோரா தன் சிநேகிதிகளிடம் சொன்னது. விரிப்பின் நாலு மூலையையும் மடித்துச் செருகி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துவிட்டு அம்மா நிமிரும்போது, அந்தக் கட்டிலில் படுக்க மனம் வராது. எங்கே பழகினாய் என்று யாராவது கேட்டால் அம்மாவிடம் ஒரே பதில்தான் இருக்கும். போடிங்கிலே.

போடிங் என்றால் இலங்கையின் கிழக்குக் கரையில், பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிப்பிக்கிற ஒரு விடுதி. எந்த ஊர், எந்தச் சபை என்று இங்கே எழுதப் போவதில்லை. தாய் தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிறந்தது மட்டக்களப்பு டவுன், வளர்ந்தது போடிங். அம்மாவின் பூர்வீகம் பற்றி எங்கள் வீட்டில் இருந்த தகவல் முழுவதும் இவ்வளவுதான். அப்பா மன்னார் ஆள். மன்னாரில் பாதிப் பேர் தனக்குச் சொந்தம் என்று சொல்லுவார், மீதிப் பாதியோடு கோபம். அவரிடம் இருந்த சொந்தமே எங்கள் மூன்று பேருக்கும் தாராளமாகப் போதும் என்பதால், அம்மாவுக்கு ஒருவரும் இல்லாததை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

போடிங்கின் சட்டங்கள் எங்கள் இரண்டு அறை வீட்டிலும் நடைமுறையில் இருந்தன. மேசையில் கதைக்கக் கூடாது. நித்திரை கொள்ளும்போது கைகள் போர்வைக்கு வெளியே இருக்க வேண்டும். காலையில் தலைக்குத் தண்ணீர் தெளித்து, அம்மா என் மயிரை இழுத்துப் பின்னுகிற பின்னலில் என் புருவங்கள் நெற்றிக்கு ஏறிவிடும். வகுப்பில் நான் எப்போதும் ஆச்சரியப்பட்டுக்கொண்டு இருப்பதுபோலத் தெரிகிறேன் என்று என் சிநேகிதி சொல்லுவாள். "எங்கடை வீட்டிலை ஒரு மதர் சுப்பீரியர் இருக்கிறா, சத்தம் போடாதை" என்று அப்பா கேலி செய்வார். அம்மாவும் சிரிப்பார். கேலி செய்தால் கோபிக்கிற ஆள் இல்லை அவர்.

எனக்குப் பத்து வயது நடக்கும்போது அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்து, வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் புதிதாக ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். யாராவது தமிழில் தும்மினால் போதும், அப்பா அவரைச் சாப்பிட வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லரோ சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிற ஒரு மெலிந்த மனிதரையும் கூட்டி வந்தார். ஆனால் இந்த முறை அப்பாவின் முகத்தில் பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறவரின் களை இருந்தது.

அந்த மனிதர் கத்தரிக்காய்ப் பையோடு வாசலில் நின்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா" என்றார். பிறகு ஒரு பெயர் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத பெயர். அம்மா இன்னும் இருக்கிறார் என்பதால் அந்தப் பெயரையும் இங்கே எழுத மாட்டேன்.

"நீங்கள் ஆரையோ நினைச்சுக் கதைக்கிறியள்" என்றார் அம்மா. "எனக்குச் சகோதரங்கள் இல்லை. உள்ளுக்கு வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

அவர் வந்து இருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அப்பாவுக்கும் எனக்கும் சொல்லுவதுபோலச் சொன்னார். வாகரைக்கு அங்கால், காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அவர்களுடைய குடிசைகள் இருந்தனவாம். "நாங்க வேடர் ஆக்கள்" என்று, மன்னார் ஆட்கள் என்று அப்பா சொல்லுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு நாள் ஜீப் வந்தது. படிப்பிக்கப் போகிறோம், மனிசராக்கப் போகிறோம் என்று சொல்லிப் பொம்பிளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். "அக்காவும் போன. நான் சின்னப் பொடியன். ஜீப்புக்குப் பின்னால ஓடத்தான் தெரிஞ்ச." பிறகு சண்டை வந்து ஊரே கலைந்துவிட்டது. தேடிப் போனபோது போடிங்கையும் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். இவ்வளவு காலத்துக்குப் பிறகு, எங்கள் கோயில் ஆட்கள் பேஸ்புக்கில் போட்ட ஒரு சுற்றுலாப் படத்தில் அம்மாவைப் பார்த்தாராம். "எங்கட அம்மா நிக்கிற அதே நிப்பு."

வேடர் என்ற சொல் எனக்குத் தெரியும். கோயில் மண்டபத்தில் தலை வாரி இழுக்காமல் வருகிற பிள்ளைகளை, வேடப் பிள்ளை மாதிரி வந்திருக்கிறாய் என்றுதான் பெண்கள் ஏசுவார்கள். நான் அம்மாவின் வழித்து வாரிய தலையைப் பார்த்தேன். இந்த மனிதர் வீடு மாறி வந்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாவமாக இருந்தது.

"அந்தப் பக்கத்திலை எனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றார் அம்மா. "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அதற்குப் பிறகு அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். அம்மா அவரை ஒரு நாளும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறாக, எங்கள் வீட்டில் பாதிரியாருக்குக்கூடக் கிடைக்காத மரியாதை அவருக்குக் கிடைத்தது. நல்ல தட்டு, நல்ல கதிரை, வாங்கோ, வடிவாச் சாப்பிடுங்கோ, போட்டு வாங்கோ. அந்த மரியாதையைக் கண்டு அவர் வாரா வாரம் இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனார். என்னிடம் அம்மா, அவரை மாமா என்று கூப்பிடக் கூடாது, அங்கிள் என்று கூப்பிட வேண்டும் என்று தனியாகச் சொல்லி வைத்தார். பல்லரோவில் கோழி வெட்டுகிறவரே எனக்கு மாமாவாக இருந்த காலத்தில் இது வினோதமான சட்டம்.

ஒரு நாள் அப்பா குசினிக்குள் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்பாவின் தாழ்ந்த குரல் தெருவுக்குக் கேட்கும். "இஞ்சரும், உண்மையா உமக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையோ?"

"ஞாபகம் இருந்தாத்தானே மறக்கிறதுக்கு" என்றார் அம்மா. அப்பா திரும்பி வந்தார்.

அந்த மனிதர் வற்புறுத்தவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் எனக்குக் கதை சொல்லுவார். அவர்களுடைய தெய்வம் கடலால் கப்பலில் வருகிற தெய்வமாம். சடங்கு நாளில் மரத்தில் சின்னக் கப்பல் செய்து, பாய்மரம் நட்டு, கயிறு கட்டி இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்களாம். ஒரு பக்கம் கூப்பிட மறுபக்கம் பதில் பாட வேண்டும். அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். அது கப்பல்காரருடைய பாஷை, எங்களுக்கே விளங்காது என்றார். "பதில் சொல்லுறது பொம்பிளைப் புள்ளைகள். அதிலயும் அக்காட சத்தம்தான் பெரிசு. ஆத்துக்கு அங்கால கேக்கும்." குசினியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் திடீரென்று கூடும். அம்மாவின் குரல் பெரிசு என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கோயில் பாடகர் குழுவில் அம்மா வாயை அசைக்கிறாரா பாடுகிறாரா என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

ஆனிக் கடைசியில் அவருக்கு வடக்கே ஒரு தொழிற்சாலையில் வேலை சரிவந்தது. திருநாள் முடிய ரயில் ஏறுவதாக இருந்தார். படியில் நின்று அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "அண்ணன், அக்கா என்னைத் தம்பியெண்டு ஒருக்காச் சொன்னாப் போதும். நான் போயிருவன். கரைச்சல் குடுக்க மாட்டன்." அப்பா அவருடைய தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

திருநாள் என்றால் பலேர்மோவில் ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருநாள்தான். சைவக்காரரோ வேதக்காரரோ, அவருடைய கோயில் இருக்கிற மலையில் ஏறாத தமிழர் இந்த ஊரில் குறைவு. திருநாளுக்கு அவருடைய தேரைக் கப்பல் வடிவத்தில்தான் கட்டுவார்கள். கட்டி முடித்ததும் சதுக்கத்தில் நிறுத்திவைப்பார்கள், பகலில் போய்ப் பார்க்கலாம். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு அப்பாதான் ஒவ்வொரு வருடமும் காட்டினார். அம்மாவுக்கு அந்த வாரம் எப்போதும் சிஞ்ஞோரா வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் மினுக்க இருக்கும். அந்த வருடம் அப்பா விடவில்லை. யோசனை ஒன்றும் இல்லாமல்தான் அந்த மனிதரையும் சதுக்கத்துக்கு வரச் சொன்னதாக அப்பா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அப்பா நிறையச் சத்தியம் செய்கிற ஆள்.

மத்தியானத்துக்கு முந்திய வெயில். பெரிய கப்பல், உயர்ந்த பாய்மரம், பக்கமெல்லாம் துணி ரோசாப்பூக்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் ஏணியில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் தடித்த வடம் தரையில் கிடந்தது. அம்மா கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்று எனக்குத் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மறுபக்கமாக வந்தவர், கப்பலைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஆர்ர கப்பல்?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ரொசாலியா மாதாவின்ரை."

"இவங்கட ஆளும் கப்பல்லயா வாற" என்றார். அவர் சிரித்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். பிறகு குனிந்து வடத்தின் நுனியை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக் கூப்பிட்டார். பெரிய சத்தமில்லை. எந்த மொழி என்று தெரியாத சொற்கள், ஒரு இழுவை, ஒரு நிறுத்தம்.

பதில் என் பக்கத்திலிருந்து வந்தது.

எனக்கு விளங்கச் சில கணம் எடுத்தது. நான் முதலில் ஒலிபெருக்கி என்றுதான் நினைத்தேன். அவ்வளவு பெரிய குரல். தடித்த, கரடுமுரடான, யாருக்கும் பயப்படாத குரல். அம்மா கப்பல் பக்கம் திரும்பியிருந்தார். வாய் முழுவதும் திறந்திருந்தது. அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்து நின்றதையும், கால் தானாகத் தாளம் போட்டதையும், காசுப்பை தோளிலிருந்து வழுகி விழுந்ததை அவர் கவனிக்காததையும் நான் பார்த்தேன். அந்த மனிதர் அடுத்த அடியைக் கூப்பிட்டார். அம்மா அதற்கும் பதில் சொன்னார். ஒரு சொல் தடுமாறவில்லை. ஏணியில் நின்றவர்கள் கை தட்டினார்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். இது என் அம்மா இல்லை, என் அம்மாவை யாரோ எடுத்துவிட்டு வேறொருவரை வைத்துவிட்டார்கள் என்றுதான் அந்தக் கணத்தில் நினைத்தேன்.

அந்த மனிதர் வடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முகம் முழுக்கக் கண்ணீர். "அக்கா" என்றார்.

அம்மா நின்றுவிட்டார். வாயைக் கையால் பொத்தினார். சுற்றிலும் பார்த்தார், எங்கிருந்தோ யாரோ வரப் போகிறார்கள் என்பதுபோல. பிறகு பாவாடையை இழுத்துச் சரிசெய்து, கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்து, தன் தம்பிக்கு முன்னால், ஒரு சின்னப் பிள்ளையின் குரலில் சொன்னார்.

"இனிச் செய்ய மாட்டன் மதர்."

அந்த மனிதர் கையை நீட்டினார், அம்மா பின்னால் நகர்ந்தார். அப்பா காசுப்பையைப் பொறுக்கினார். அப்பாவின் முகம் அப்படி வெளிறிப்போய் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். பாஸ்தா அவிக்கிற தண்ணீருக்குப் போடுகிற கல்லுப்புப் பெட்டியை எடுத்தார். பெரிய கட்டியாகத் தேடி, நாக்கை நீட்டி, அதில் வைத்தார். வாயை மூடினார். பிறகு சுவரைப் பார்த்து முழங்காலில் நின்றார். எல்லாவற்றையும் ஒழுங்காக, அவசரமில்லாமல், கட்டில் விரிக்கிற அதே கவனத்தோடு செய்தார். அப்பா தண்ணீர்க் குவளையோடு வந்து, "என்னப்பா இது, துப்பும், துப்பும்" என்று கெஞ்சினார். அம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். விரலால் சைகை காட்டினார். கரையவேண்டும்.

நான் அந்தச் சுவரையே பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

போடிங்கிலிருந்து பின்னாளில் ஊருக்குத் திரும்பிய இரண்டொரு பெண்கள் சொன்னதாக, மாமா பல வருடங்களுக்குப் பிறகு டெலிபோனில் எனக்கு விளங்கப்படுத்தினார். இப்போது நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். கப்பல் பாட்டைப் பாடினால், ஊரில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அது பேய்ப் பாஷை, அந்த நாக்கைச் சுத்தமாக்க வேண்டும் என்று உப்பு வைப்பார்களாம். கரைவதற்குள் அழுதால் இன்னொன்று. உனக்கு ஒருவரும் இல்லை என்று சொல்லச் சொல்லுவார்களாம். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மட்டும் இரவுச் சாப்பாடு. பத்து வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அம்மாவுக்குச் சுகமில்லை என்றுதான் நினைத்தேன்.

அந்தத் திருநாள் முடிய, ரயில் ஏறுவதற்கு முதல் நாள் மாமா வந்தார். அம்மா கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றார். வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். "கவனமாப் போட்டு வாங்கோ" என்றார் அம்மா. அவர் போனார். தம்பி என்ற சொல்லை அம்மா சொல்லவில்லை.

அந்தப் பாட்டு என் தலைக்குள் புகுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அப்படித்தானே, வேண்டாத பாட்டுத்தான் ஒட்டிக்கொள்ளும். சில நாள் கழித்து, பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே என்னையறியாமல் அதை முணுமுணுத்தேன். திரும்பினால் அம்மா நிற்கிறார். உள்ளங்கையில் உப்புக்கட்டி.

"வாயைத் திற" என்றார். கோபமாக இல்லை. அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அவையளுக்குக் கேட்டால் உன்னைக் கொண்டு போயிடுவினம்."

கீழே ஒருவன் வத்தகப்பழம் கூவி விற்றுக்கொண்டு போனான். வேறு யாருக்கும் கேட்டிருக்க வழியில்லை. நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு உப்பு ஒன்றாக வாயில் இருந்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

யார் அவர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஆட்களைக் கொண்டுபோகக் கூடியது என்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம், குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகம். இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, பெர்மெசோ, பிந்தினால் பொலிஸ் கொண்டுபோய்விடும் என்று மண்டபத்தில் பெரியவர்கள் கதைப்பதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனவே கப்பல் பாட்டுக்கும் பெர்மெசோவுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது, நான் பாடினால் எங்கள் மூன்று பேரையும் பிடித்துவிடுவார்கள் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் பெர்மெசோ புதுப்பிக்கப் போனோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். நான் தவறிப்போய்ப் பாடிவிடுவேனோ என்று வாயை இறுக்கி மூடியிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் இளம் பெண், நல்ல மனுசி. பெயர் என்ன, எந்த வகுப்பு என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா எனக்காகச் சிரித்துச் சமாளித்தார். அந்தப் பெண் எழுந்து சுற்றி வந்து, என் மறு கையைப் பிடித்து, கைரேகை எடுக்கப் பிள்ளையைக் கொஞ்சம் அங்கால் கொண்டுபோகிறேன் என்று இத்தாலியனில் சொன்னார்.

அம்மா என் கையை விடவில்லை.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மெதுவாக இழுத்தார். அம்மா இன்னும் இறுக்கினார். என் விரல்கள் நொந்தன. "விடும், பிள்ளை இப்ப வந்திடுவாள்" என்று அப்பா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். அம்மா அந்தப் பெண்ணின் சீருடையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் தாங்க முடியவில்லை. அன்று முழுவதும் மூடியிருந்த வாயைத் திறந்து, மன்னித்துக்கொள்ளுங்கள், என் அம்மாவுக்கு இத்தாலியன் அவ்வளவாக விளங்காது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.